சேலை என்று வந்த சிலை

1

சிலை எங்கள் வீட்டுக்கு வந்து நேற்றோடு ஒரு வருஷம் ஆகிறது. அதைப் பற்றித் திருநெல்வேலி டவுணில் ஆளுக்கொரு கதை ஓடுவதாக நெல்லையப்பன் எழுதியிருக்கிறான். நான் பெல்ஜியத்திலிருந்து ஐம்பொன் சிலை கொண்டுவந்தேன் என்று ஒரு கட்சியாம். ஊரிலிருந்து கடத்திக்கொண்டு போகும்போது விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டேன் என்று இன்னொரு கட்சியாம். ‘நடந்ததை நடந்தபடி நீயே எழுதி அனுப்பு. கடைக்கு வந்து கேட்கிறவர்களிடம் கொடுத்துவிடுகிறேன். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது’ என்று கடிதத்தின் கடைசியில் கட்டளை வேறு. ஜவுளிக் கடைக்காரனுக்கு வாய் வலிக்கிறது என்றால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம். அதனால் எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: பெயர் சங்கரன். டவுண்தான் சொந்த ஊர். பிரஸ்ஸல்ஸ் வந்து ஏழு வருஷமாகிறது. லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. வீட்டில் மனைவி கோமதி, ஒன்பது வயது மகள் வடிவு. வடிவு இரண்டு வயதில் இங்கே வந்தவள். நான் தமிழில் கேட்டால் அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். பிரஸ்ஸல்ஸைச் சொல்லும்போது ‘ஷே நூ’ என்பாள். நம்ம வீட்டில், நம்ம ஊரில் என்று இரண்டுக்கும் இங்கே அந்த ஒரே சொல்தான். திருநெல்வேலி என்றால் மட்டும் தமிழுக்கு வந்து ‘உங்க ஊர்ல’ என்பாள். அந்த ‘உங்க’ ஒவ்வொரு முறையும் எனக்குச் சுருக்கென்று தைக்கும். வெளியே காட்டிக்கொள்வதில்லை.

நெல்லையப்பன், சேவியர், நான் மூவரும் பாளையங்கோட்டைப் பள்ளியில் ஒரே பெஞ்சு. சேவியர் உவரிக்காரன், விடுதியில் தங்கிப் படித்தான். எங்களைச் சேர்த்து வைத்தது பாடப் புத்தகம் இல்லை, படக்கதைப் புத்தகம். அதில் ஒரு தபால்காரன் வருவான். பனிமலைக் கணவாய்களைக் குதிரையில் தாண்டிப் போய்க் கடிதம் கொடுக்கிறவன். கொள்ளைக்காரன் சுட்டாலும், பாலம் இடிந்தாலும், கடிதம் உரியவர் கையில் போய்ச் சேராமல் கதை முடியாது. புது இதழ் வந்தால் மூவரும் கூடாமல் பிரிக்கக்கூடாது என்று ஒரு சட்டம் வைத்திருந்தோம். சேவியருக்கு அம்மை போட்டு ஊருக்குப் போனபோது, நானும் நெல்லையப்பனும் ஒரு இதழை மூன்று வாரம் பிரிக்காமல் வைத்திருந்தோம். எங்கள் அப்பா சொல்லி நான் அவ்வளவு பொறுமையாக இருந்த காரியம் எதுவுமே கிடையாது.

வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று ஆன பிறகும் சட்டம் போகவில்லை. நெல்லையப்பன் தெற்கு ரத வீதியில் கடை வைத்தான், ஊரே அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்தது. சேவியர் கடலோர உவரியில் மீன்பிடிக்கிற ஃபைபர் வள்ளங்கள் கட்டவும் பழுது பார்க்கவும் பட்டறை போட்டான். நான் பிரஸ்ஸல்ஸ் வந்தேன். வந்த முதல் வாரமே ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் எங்கள் தபால்காரன் நின்றான். புத்தகத்தை எடுத்துப் புரட்டினால் அவன் பிரெஞ்சில் பேசுகிறான். அவன் சொந்த ஊரே இதுதானாம். நான் கொஞ்ச நேரம் கோபமாக நின்றேன். இத்தனை வருஷம் நெல்லைக்காரன் மாதிரி பழகிவிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று இருந்தது.

2

இந்த ஊரில் எண் போட்ட சிலைகளைச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். படக்கதை நாயகர்களை ரெசின் என்கிற பிசினில் வார்த்து, வர்ணம் தீட்டி, முந்நூறோ ஐந்நூறோ செய்துவிட்டு அச்சை உடைத்துவிடுவார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் எண் இருக்கும். மோரிஸ் என்ற பெரியவரின் கட்டடத்தில் லிஃப்ட் பழுது பார்க்கப் போனபோதுதான் எனக்கு இந்த உலகம் தெரியவந்தது. அவர் ஓய்வு பெற்ற டிராம் ஓட்டுநர், சிலை சேகரிப்போர் வட்டத்தின் தலைவர். அவர் வீட்டில் கண்ணாடி அலமாரியைப் பார்த்து நான் வாயைத் திறந்தவன் மூடவில்லை. மாதத்தின் முதல் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வரச் சொன்னார். போனேன். அன்றிலிருந்து நாலு வருஷமாக அந்த வட்டத்தில் நாற்காலி எடுத்துப் போடுகிற உறுப்பினர் நான்தான்.

நவம்பரில் அவர்கள் ஒரு காட்சி வைப்பார்கள். நீள மேசை, ஒரு உறுப்பினருக்கு ஒரு சிலை. சிலைக்கு முன்னால் ஒரு அட்டை, அதில் உறுப்பினர் பெயர், அவருடைய சொந்த ஊர். லியேஜ், நமூர், கென்ட் என்று வரிசையாக ஊர்கள் இருக்கும். எனக்கு வைக்கச் சிலை இல்லை. அந்த வரிசையில் திருநெல்வேலி என்று ஒரு அட்டை நிற்க வேண்டும் என்பது என் ஆசை. சின்ன ஆசை என்று நீங்கள் சிரிக்கலாம். ஏழு வருஷமாக என் ஊர்ப் பெயரை எழுதிக் காட்டியும் சரியாக உச்சரிக்காத ஊரில் இருந்து பார்த்தால் சிரிக்கமாட்டீர்கள்.

எங்கள் தபால்காரனைச் சிலையாகச் செய்யப்போகிறார்கள் என்று தெரிந்த அன்றே பெயர் கொடுத்தேன். குதிரை முன்காலைத் தூக்கி நிற்கும். அவன் தொப்பி இல்லாமல், முடி பறக்க, வலது கையில் ஒரு கடிதத்தை உயர்த்திப் பிடித்திருப்பான். மொத்தம் முந்நூறு. வர இரண்டு வருஷம் ஆனது. அந்த இரண்டு வருஷமும் நெல்லையப்பன் எழுதிய எல்லாக் கடிதத்திலும் முதல் வரி ‘வந்துட்டானா?’, இரண்டாவது வரிதான் ‘நலமா?’

கடைசியில் ஒரு நாள் வேலை முடிந்து வந்தால் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வடிவு ஒரு சீட்டு ஒட்டியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் கோமதி கட்டாயப்படுத்திச் சொல்லிக்கொடுக்கிற தமிழில் எழுதியிருந்தது: ‘அப்பா உங்கள் சேலை வந்திருக்கு.’ எனக்கு முன்னால் கோமதி அதைப் படித்துவிட்டாள்.

“யாருக்குச் சேலை வாங்குனிய?” என்று அமைதியாகக் கேட்டாள்.

“சிலைட்டி. பிள்ளை ‘சி’க்குக் கொம்பை மாத்திப் போட்டிருக்கு.”

“ஒத்தைக் கொம்பு போட்டிருந்தா பேச்சுல சொல்லுத ‘செலை’ன்னு விட்டிருப்பேன், ரெட்டைக் கொம்புல்லா போட்டிருக்கா. அப்பதான் நெஜம்னு நெனைச்சேன்.”

சீட்டுக்கு அடியில் இருந்த தபால் நிலைய அறிவிப்பை எடுத்துக்கொண்டு அங்கே ஓடினேன். அங்கிருந்த அம்மாள் என் அடையாள அட்டையைப் பார்த்தார். நமக்கு அப்பா பெயர் தலையெழுத்து. இங்கே அதுதான் குடும்பப் பெயர். பார்சல் என் அப்பா பிரமநாயகம் பெயருக்கு வந்திருந்தது. பிரமநாயகம் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார் அவர். நான் அவரால் வர முடியாது, இறந்து மூன்று வருஷம் ஆகிறது என்றேன். அவர் எழுந்து நின்று தன் வருத்தத்தைச் சொன்னார். பிறகு உட்கார்ந்து, இறப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்றார். இப்படியே கால் மணி நேரம் போன பிறகுதான் எனக்கு உறைத்தது, இந்த நாட்டில் பிரமநாயகம் நான்தான். அப்பா பெயரை எழுதிப் பெட்டியை வாங்கிக்கொண்டேன். பொம்மைப் புத்தகம் படிக்கிறேன் என்று அவர் என்னை வைத வசவு கொஞ்சமில்லை. கடைசியில் அவர் பெயரில்தான் பொம்மை வந்தது.

3

பெட்டி வந்தால் உடனே பாய்ந்து பிரிக்கிறவனை இந்த வட்டத்தில் மதிக்கமாட்டார்கள். குளிர் காலத்தில் வருகிற பிசின் சிலை ஒரு நாள் முழுக்க வீட்டுச் சூட்டில் கிடந்து பழக வேண்டும். மேல் பக்கத்துப் பட்டையை வெட்டக்கூடாது, கத்தி இறங்கினால் நேராகத் தலையில்தான் படும். கவிழ்த்து வைத்து அடிப்பக்கம் வெட்ட வேண்டும். வெள்ளைப் பருத்திக் கையுறை போட வேண்டும். கையைப் பிடித்துத் தூக்குகிறவன் மூடன், பீடத்தைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். அட்டைப் பெட்டி, நுரைக்கட்டை, ஒட்டுச் சீட்டு எதையும் எறியக்கூடாது. பெட்டி போனால் பாதிச் சிலை போனது போல. பிறகு ஒரு சாட்சியின் முன்னால் அடியில் உள்ள எண்ணை உரக்கப் படிக்க வேண்டும். இதையெல்லாம் முதலில் கேட்டபோது எனக்கு அந்நியமாகவே தெரியவில்லை. புது இதழைப் பிரிக்கும் முன் நெல்லையப்பன் கை கழுவி வேட்டியில் துடைத்துவிட்டு, அட்டையை முகர்ந்து பார்த்துத்தான் கொடுப்பான். இவர்கள் அதற்குக் கையுறை போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

எனக்கு வந்த சிக்கல் வேறு. மூவரும் கூடாமல் பிரிக்கக்கூடாது என்பது எங்கள் சட்டம். எட்டு நாளைக்குள் பிரித்துப் பார்த்துச் சேதம் இருந்தால் சொல்ல வேண்டும் என்பது கடைக்காரர் சட்டம். ஜூலையில்தான் ஊருக்குப் போக விடுமுறை. ஏழு நாள் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எட்டாம் நாள் மோரிஸைக் கூப்பிட்டுப் பிரித்துவிட்டேன்.

எண் நூற்றியொன்று. மோரிஸ் என் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார், பத்துக்குள் வருகிற எண்ணுக்குத்தான் இங்கே மரியாதை. நூற்றியொன்று என்றால் எங்கள் ஊரில் கல்யாண வீட்டு எண் என்று அவருக்கு விளக்கிக்கொண்டே நுரைக்கட்டையை விலக்கினேன். குதிரை வந்தது, தபால்காரன் வந்தான். உயர்த்தியிருந்த வலது கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது. கடிதம் பிடித்த கை நுரையின் மூலையில் தனியாகக் கிடந்தது.

மோரிஸ் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர்களுக்குள் அது துக்கம் விசாரிக்கிற மாதிரி. திருப்பி அனுப்பினால் அந்த எண்ணை நீக்கிவிட்டுச் சிலையை உடைத்துவிடுவார்கள், மாற்றுச் சிலை கிடையாது என்றார். நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன். அப்போது அவர் வட்டத்தின் படிவத்தை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு சிலைக்கும் ஒரு படிவம். ‘குறைகள்’ என்று ஒரு கட்டம், ‘தனிச்சிறப்புகள்’ என்று ஒரு கட்டம். குறைகள் கட்டத்தில் ஒரு சொல் விழுந்தாலும் நவம்பர் மேசையில் இடமில்லை.

“வருந்துகிறேன்,” என்றார். “டிராமுக்குத் தண்டவாளம் எப்படியோ, எங்களுக்கு இந்தக் கட்டம் அப்படி.”

கூட்டாளிகளை விட்டுவிட்டுப் பிரித்ததற்குத்தான் இப்படி ஆயிற்று என்று அன்று எனக்கு நிச்சயமாகப்பட்டது. இப்போதும் முழுக்க இல்லை என்று சொல்லமாட்டேன்.

4

ஊருக்கு ஃபோன் போட்டேன். எடுத்தது நெல்லையப்பனின் மனைவி பகவதி மதினி. லைன் கரகரவென்று இருந்தது. “மதினி, சிலை வந்திருச்சின்னு அவன்ட்ட சொல்லுங்க. ஜூலையில கொண்டாறேன்,” என்றேன். கை போனதைச் சொல்ல மனம் வரவில்லை. அதற்குள் லைன் போய்விட்டது. நல்ல வேளை என்று ரிசீவரை வைத்தேன்.

ஜூலையில் ஊரில் இறங்கிய நாளிலிருந்து டவுணில் என்னை விசாரித்தவர்களில் பாதிப்பேர் பெண்கள். அவர்கள் கேட்டது வேறு மாதிரி இருந்தது. “பெல்ஜியம் பட்டா தம்பி? கரை பெருசா?” எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நெல்லையப்பன் வீட்டுக்குக் கோமதியையும் வடிவையும் கூட்டிக்கொண்டு பெட்டியோடு போனேன். கூடத்தில் பத்தமடைப் பாய் விரித்திருந்தது. மதினி குளித்து, தலையில் பூ வைத்து, ஒரு தட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நம் பக்கத்தில் புதுத்துணி வந்தால் முந்தியில் குங்குமம் தொட்டு வைக்காமல் யாரும் உடுத்த மாட்டார்களே, அதற்கான தட்டு. பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேர் பார்க்க வந்திருந்தார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கொம்பு மாறினது என் மகள் கையெழுத்தில் மட்டும் இல்லை.

சேவியர் உவரியிலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டான். நான் எல்லாவற்றையும் பழையபடி அடுக்கி ஒட்டியிருந்தேன். கூட்டாளிகள் கையாலேயே பிரிக்கட்டும் என்று கவிழ்த்து வைத்தேன். நெல்லையப்பன் கை கழுவி வேட்டியில் துடைத்தான்.

“பைய வெட்டுலே,” என்றான் சேவியர். “இது என்ன, ஏற்கெனவே ஒருக்க வெட்டி ஒட்டுன மாதிரில்லா இருக்கு?”

வள்ளம் பழுது பார்க்கிறவன் கண்ணிலிருந்து ஒட்டு தப்புமா. நடந்ததைச் சொல்லிவிட்டேன், கை உடைந்தது உட்பட. நெல்லையப்பன் கத்தியைக் கீழே வைத்தான்.

“எங்களை விட்டுட்டு நீ மட்டும் பாத்துட்டியோ?” என்றான். கை உடைந்ததைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“எட்டு நாள் கெடு வே,” என்றேன்.

“எனக்கு அம்மை போட்டப்ப மூணு வாரம் பொறுத்தீங்கள்லா,” என்றான் சேவியர். பிறகு அவனே, “சரி விடுலே, அவன் அங்கன ஒத்தையில இருக்கான். வெட்டு,” என்றான்.

குதிரையும் ஆளும் வெளியே வந்தார்கள். அடியில் நூற்றியொன்றைப் பார்த்ததும் நெல்லையப்பனுக்குக் கோபம் பாதி போய்விட்டது. மதினி தட்டைக் கையில் வைத்தபடி சிலையைப் பார்த்தாள், பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“சேலை எங்க தம்பி?”

“சேலை இல்ல மதினி. சிலைன்னுதான் சொன்னேன்.”

பக்கத்து வீட்டுக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். மதினி தட்டைக் கீழே வைத்தாள். பிறகு, “சேலையா இருந்தா என்ன, சிலையா இருந்தா என்ன. புதுசா வீட்டுக்கு வந்திருக்குல்லா,” என்று சொல்லிக்கொண்டே குங்குமத்தைச் சந்தனத்தில் குழைத்து, நான் பதறுவதற்குள் தபால்காரன் நெற்றியில் அழுத்தி ஒரு பொட்டு வைத்துவிட்டாள். குதிரைக்கும் ஒன்று.

“ஐயோ, குதிரைக்குமா மதினி?”

“ஏறி இருக்கவனுக்கு மட்டும் வச்சாப் போதுமா? சுமக்கது அதுல்லா.”

அடுத்த பொட்டு வடிவுக்கு. அவள் உடனே கையால் அழித்துவிட்டு என் காதில், “உங்க ஊர்ல எல்லாத்துக்கும் பூசுவாங்களா?” என்றாள். கையுறை இல்லாமல் தொடவே கூடாத சிலை. நான் கைக்குட்டையை எடுத்தேன். சேவியர் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“மதினி வச்சதை அழிக்கப்பிடாது. கையை என்ட்ட விடு. எங்க ஊர்ல வள்ளத்துக்கு மூக்கே போயிருது. வச்சுக் கட்டி மறுநா கடலுக்கு அனுப்புதோம். இது ஒரு கையி.”

மூன்று நாள் கழித்து நானும் நெல்லையப்பனும் உவரிக்குப் போனோம். பட்டறையில் ஒரு வள்ளம் குப்புறக் கிடந்தது, அதன் பக்கத்தில் பலகையின் மேல் எங்கள் ஆள் கடிதத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தான். கண்ணாடி இழையில் ஒரே ஒரு புரியை உருவி, மணிக்கட்டுக்குள் நரம்பு மாதிரி ஓட்டியிருந்தான் சேவியர். வெளியே பிசினை நீவி, வர்ணத்தைக் கலந்து கலந்து பார்த்துத் தொட்டிருந்தான். நான் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒட்டு எங்கே என்று தெரியவில்லை.

“கண்ணால பாக்காதலே,” என்றான். “ஒட்டு சரியான்னு காதுதான் சொல்லும். நல்ல கையைத் தட்டு. இப்ப இந்தக் கையைத் தட்டு.”

நகத்தால் தட்டினேன். இரண்டும் ஒரே ஓசை கொடுத்தன. உள்ளே காற்று நின்றிருந்தால் ஓசை பொத்தென்று கேட்குமாம், கடலில் போய் அந்த இடம்தான் முதலில் விடுமாம். பளபளப்பு வித்தியாசம் தெரியக்கூடாது என்று சிலை முழுவதற்கும் மேல்பூச்சு ஒன்று கொடுத்திருந்தான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு தயக்கம் வந்தது. இரண்டு பொட்டும் மேல்பூச்சுக்கு அடியில் போயிருந்தன. இனி அழிக்க வேண்டுமென்றால் முகத்தையே சுரண்ட வேண்டும்.

“துடைச்சிட்டுப் பூசியிருக்கலாம். மனசு வரல,” என்றான்.

கை வந்தது, பொட்டு நின்றது. நவம்பர் மேசை கிட்டே வந்து தள்ளிப் போனது. அன்று எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது உண்மை.

5

திரும்பிப் போகிற கதைதான் ஊரில் கடத்தல் கதையாக மாறியிருக்கிறது. மதராஸைச் சென்னை என்று மாற்றுகிற பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம். விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார் அதிகாரி. உள்ளே பத்தமடைப் பாயில் சுற்றி, நெற்றியில் குங்குமத்தோடு ஒரு சிலை. வேறு யாராக இருந்தாலும் அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்கள்.

“எந்தக் கோயில் சார்?”

“கோயில் இல்லை சார், படக்கதை.”

“பூஜையில இருந்த மாதிரி இருக்கே. குதிரை வாகனம் வேற.”

பழங்காலச் சிலை இல்லை என்று தொல்லியல் துறைச் சான்று வேண்டும் என்றார். அவர் கடமை அது. வாங்கின சீட்டு பிரெஞ்சில் இருந்தது, அதுவும் பிரமநாயகம் பெயரில். பிரமநாயகம் யார், சிலையைச் செய்த ஸ்தபதியா என்று கேட்டார். அப்போதுதான் நெல்லையப்பன் வழியில் படிக்கக் கொடுத்திருந்த பழைய இதழ் ஞாபகம் வந்தது. எடுத்து அட்டையைக் காட்டினேன். அவர் அட்டையைப் பார்த்தார், சிலையைப் பார்த்தார். குதிரை சரி, முடி சரி, கடிதம் சரி. பிறகு உள்ளே புரட்டிப் படிக்க ஆரம்பித்துவிட்டார். பத்துப் பக்கம் போன பிறகு நிமிர்ந்தார்.

“எல்லாம் சரி சார். புக்ல பொட்டு இல்லியே.”

“எங்க மதினி வச்சது சார். புதுசா வீட்டுக்கு வந்ததுன்னு.”

அவர் சிரிக்கவில்லை. “குதிரைக்குமா?” என்று மட்டும் கேட்டார். பிறகு பாயை அவரே ஒழுங்காகச் சுற்றிக் கொடுத்தார். எங்கள் நெல்லையப்பனின் இதழைத் திருப்பிக் கொடுக்கத்தான் அவருக்கு மனமே இல்லை.

6

நவம்பரில் அந்த மண்டபத்துக்கு வடிவையும் அழைத்துப் போனேன். கோமதிக்கு அன்று வேலை, அதனால்தான். பச்சைத் துணி விரித்த மேசையில் மற்றவர்கள் சிலைகள் ஏறிக்கொண்டிருந்தன. நான் என் பங்கு நாற்காலிகளைப் போட்டுவிட்டு, பெட்டியைத் திறந்து, பீடத்தைப் பிடித்து எங்கள் ஆளை மோரிஸ் முன்னால் வைத்தேன். அவர் கையுறை போட்டார். படிவத்தை விரித்துப் பேனாவைப் பக்கத்தில் வைத்தார். நான் முந்திக்கொண்டு, கை ஒட்டியது, மறைக்கவில்லை, உவரியில் வள்ளம் கட்டுகிற என் கூட்டாளி சேவியர் ஒட்டினான் என்று சொன்னேன். அவன் பெயரைச் சொல்லாமல் அந்த மேசையில் ஏற எனக்கு விருப்பமில்லை.

மோரிஸ் பூதக்கண்ணாடியை எடுத்தார். மணிக்கட்டை எல்லாப் பக்கமும் பார்த்தார். இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். அதில் ஒருவர் இடது கையைக் காட்டி ஒட்டு இங்கே இருக்கிறது என்றார். எனக்கு உடம்பெல்லாம் பூரித்துப் போயிற்று. சேவியர் சொன்னதைச் சொன்னேன், காதால் பாருங்கள் என்று. மோரிஸ் கையுறையைக் கழற்றிவிட்டு நகத்தால் ஒரு கையைத் தட்டினார், மறு கையைத் தட்டினார், தலையைச் சாய்த்து மறுபடியும் தட்டினார்.

“நான் கண்டுபிடிக்க முடியாததை என்னால் எழுத முடியாது,” என்றார். “என் வீட்டில் கை கால் உடைந்தது நாலு இருக்கிறது. உங்கள் நண்பர் முகவரி வேண்டும்.”

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவர் பூதக்கண்ணாடியை மேலே கொண்டுபோனார். தபால்காரன் நெற்றியில் நின்றது. பிறகு குதிரை நெற்றியில்.

“இது என்ன கறை?”

எனக்குப் பிரெஞ்சு வரும். லிஃப்டுக்கும் தபால் நிலையத்துக்கும் போதும். மதினி, சேலை, முந்தி, குங்குமம், மேல்பூச்சு இதையெல்லாம் எந்த வரிசையில் சொல்வது என்று நான் திணறினேன். வாயில் வந்தது ‘தவறுதலாக’ என்ற ஒரே சொல். அது வெளியே வந்ததும் எனக்கே வெட்கமாக இருந்தது. மோரிஸ் வருத்தத்தோடு பேனாவை எடுத்துக் குறைகள் என்ற கட்டத்துக்கு மேல் கொண்டுபோனார்.

“அது கறை இல்லை,” என்று பிரெஞ்சில் ஒரு குரல் கேட்டது. வடிவு மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “தவறுதலாகவும் வைக்கவில்லை. வேண்டுமென்றுதான் வைத்தார்கள். ஷே நூ, ஒன்று முதல் தடவையாக வீட்டுக்கு வந்தால் இப்படி வைப்பார்கள்.”

“குதிரைக்கும் எதற்கு?” என்றார் மோரிஸ்.

“சுமக்கிறது அதுதானே,” என்றாள், இதிலென்ன சந்தேகம் என்கிற மாதிரி. “எனக்கும் வைத்தார்கள். நான் அழித்துவிட்டேன்.”

நான் அந்த ‘ஷே நூ’விலேயே நின்றுவிட்டேன். அவள் சொன்னதை அவளே கவனிக்கவில்லை. நானும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை, காட்டினால் அடுத்த முறை ஜாக்கிரதையாகிவிடுவாள். ஆனால் இதைப் படிக்கிற உங்களிடம் மறைப்பானேன், அந்த நிமிஷம் எனக்கு இருந்த பெருமைக்கு அந்த மண்டபம் போதவில்லை.

மோரிஸ் அவளைப் பார்த்தார். பேனாவை அந்தக் கட்டத்திலிருந்து தூக்கி, அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனார். தனிச்சிறப்புகள். அதற்கு உங்கள் மொழியில் என்ன பெயர், நான் சரியாக எழுத வேண்டும் என்றார்.

பொட்டு என்று சொல்லி, அவள் அதைப் பிரெஞ்சு எழுத்துகளில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் எழுதி முடித்ததும் எட்டிப் பார்த்தாள். கொம்பு மாற்றிப் போட்டு என் சிலையைச் சேலையாக்கிய அந்தப் பிள்ளை, ஓய்வு பெற்ற டிராம் ஓட்டுநரின் விரலுக்குப் பக்கத்தில் தன் விரலை வைத்தாள்.

“நடுவில் இரண்டு ‘T’ வரும்,” என்றாள். “நீங்கள் ஒன்றை விட்டுவிட்டீர்கள்.”

அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திருத்தி எழுதினார். பிறகு ஒரு புது அட்டையை எடுத்து அவளிடமே நீட்டி, ஊர்ப் பெயரையும் நீயே எழுதிவிடு, எனக்குத் தப்பு வரும் என்றார்.